மேலே வரும் எண்

“ஏம்மா, புகார்ப் பக்கத்தைப் போன்ல திறந்தா என் நம்பர்தான் மேல வருதா?”

“ஆமா சார்.”

“அதைப் பத்திதான்…”

“கவலையே படாதீங்க சார். மேலதான் இருக்கும்.”

பட்டென்று போனை வைத்தாள் பயிற்சி டிசைனர்.

பேசியவர் நகரக் குடிநீர் அலுவலகத்தின் வழுக்கைத்தலை அதிகாரி. அங்கே புகார் கேட்க மூன்று பேர். தண்ணீர் வரவில்லையா, குழாய் உடைந்ததா, மூவரில் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். அதற்கான வலைப்பக்கத்தைத்தான் அவள் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஒப்புதல் கிடைத்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

பத்தே நிமிஷத்தில் அடுத்த அழைப்பு. மூவரில் இரண்டாமவர், கண்ணாடி போட்ட மேடம்.

“நான் நடுவுலயா இருக்கேன்? கொஞ்சம் மாத்த முடியுமா? ஏன்னா…”

“காரணமே வேண்டாம் மேடம். மாத்திடறேன்.”

சாப்பாட்டு நேரத்தில் மூன்றாமவர், மீசைக்காரர்.

“நான்தானே கடைசி?”

“இப்போதைக்குத்தான் சார். அப்படியே விட்டுடுவேனா?”

“இரும்மா, நான் என்ன சொல்ல வர்றேன்னா…”

அதற்குள் வைத்துவிட்டாள். அவளுக்குக் கொதித்தது. பக்கத்து சீட் தோழியிடம் திரும்பினாள்.

“பாருடி! கம்ப்யூட்டர்ல மூணு பேரும் தோளோட தோள் உரசி நிக்கிறாங்க. சமத்துவம்! போன்ல இடம் பத்தாம ஒருத்தருக்குக் கீழ ஒருத்தர் வந்தா மட்டும் மானம் போகுதாம். குழாய்ல வெறும் காத்து வருது, இவங்களுக்கு முதல் இடம் கேக்குது!”

“உனக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு பட்டிமன்றம். யாரை மேல வைக்கப்போற, அதைச் சொல்லு.”

“மூணு பேரையும்.”

“மூளை குழம்பிடுச்சா?”

குழம்பவில்லை. முதல் சந்திப்பிலேயே மூவரின் போனையும் வாங்கிப் பக்கத்தைச் சோதித்துப் பார்த்திருந்தாள். வழுக்கைத்தலையாருடையது உள்ளங்கைக்குள் அடங்கும். மேடத்துடையது நடுத்தரம். மீசைக்காரருடையது சாப்பாட்டுத் தட்டு அகலம். திரையின் அகலத்தைப் பார்த்து வரிசையை மாற்றிக்கொள்ளும்படி பக்கத்துக்குள் கட்டளை எழுதினாள். சின்னத் திரையில் வழுக்கை முதலில். நடுத்தரத்தில் மேடம். அகலத்தில் மீசை.

“அவங்கவங்க போன்ல அவங்கவங்க ராஜா!” என்று கண் சிமிட்டினாள்.

மறுநாள் கூட்டம். தலைமை அதிகாரி தொண்டையைச் செருமினார்.

“மக்கள் விரலை வச்சா, அடுத்த நொடி நாம பதில் சொல்லணும். அதுதான் சேவை. எங்க, எல்லாரும் பக்கத்தைத் திறந்து பாருங்க.”

மூவரும் திறந்தார்கள். அவள் பெருமை பொங்கக் காத்திருந்தாள்.

மூன்று முகங்களும் ஒரே நேரத்தில் கறுத்தன.

“இன்னும் நான்தான் மேலயா?” என்றார் வழுக்கைத்தலையார்.

“ஐயையோ, இதுல நானா?” என்றார் மேடம்.

மீசைக்காரர் அழாத குறை. “கடைசியில நிம்மதியா இருந்தேனே! என்னை எதுக்கும்மா தூக்கி மேல வச்சே?”

அவளுக்குத் தலை சுற்றியது. “நீங்கதானே சார் போன் பண்ணி…”

“கீழ போடுன்னு சொல்லத்தான் பண்ணேன்! எங்க சொல்ல விட்ட?” வழுக்கைத்தலையார் எகிறினார். “மேல இருக்கற நம்பரைத்தானே ஜனங்க அமுக்குவாங்க? நாள் முழுக்க அடிச்சுக்கிட்டே இருக்குமே!”

தலைமை அதிகாரியின் பார்வை அவள்மேல் விழுந்தது. கைக்கு எட்டிய வேலை நழுவுவது அவளுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. வாய்க்கு மட்டும் அவளிடம் என்றைக்குமே பஞ்சம் கிடையாது. எழுந்தாள்.

“சார், ஊர்ல மூணு அளவுலயும் போன் இருக்கு. ஒவ்வொரு அளவுலயும் ஒவ்வொருத்தர் மேல வர்றாங்க. வர்ற அழைப்பு மூணு பேருக்கும் பிரிஞ்சுடும். ஒருத்தர் தலையிலயே விடியாது.”

தலைமை அதிகாரி மேசையைத் தட்டினார்.

“பிரமாதம்! ஏன்யா, மக்கள் கூப்பிட்டா எடுக்கறதுக்குக் கசக்குதா? வெக்கமா இல்ல? இந்தப் பொண்ணுகிட்ட பாடம் கேளுங்க!”

ஒப்புதல் தாளில் பெரிதாக ஒரு கையெழுத்தைப் போட்டு அவளிடம் நீட்டினார்.

மீசைக்காரருக்குப் பொறுக்கவில்லை. “எல்லாம் சரிம்மா. நம்ம தலைமை அதிகாரி சார் நம்பர் எந்த போன்ல மேல வரும்?”

அவள் தாளை நிதானமாக மடித்துக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினாள். பிறகு, ரொம்பப் பணிவாகச் சொன்னாள்:

“அவர் முதல் ஆளா போன் பண்ணி, முழுசா சொல்லி முடிச்சுட்டார் சார். எந்த அளவு திரையிலயும் தன் நம்பர் தெரியவே கூடாதுன்னு.”