துரையின் வாய்மூடி

கொய்யா மரத்து மைனாவுக்குத் துரை என்றால் உயிர். துரை மலை மாதிரி ஒரு கறுப்பு நாய். போன மாதம் கூட்டிலிருந்து விழுந்த மூத்த குஞ்சை, பல் படாமல் கவ்வித் தாழ்ந்த கிளையில் வைத்தது அதுதான்.

இன்று புது உத்தரவு வந்திருந்தது. துரையின் இனத்து நாய்கள் வீட்டு வாசலில்கூட வாய்மூடியோடுதான் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களாம். துரையை வளர்க்கும் ஸ்டெல்லா டீச்சர் தடுப்பூசி, லைசென்ஸ், கழுத்துப் பட்டை எதிலும் ஒருநாளும் தவறாதவர். மூஞ்சியில் மாட்டும் கம்பி வாய்மூடியை அவர் தயங்கித் தயங்கி எடுத்து வந்தார். துரை தானே மூஞ்சியை உள்ளே நுழைத்துக்கொடுத்தது.

"யாரைக் கடிச்சீங்கன்னு இந்தத் தண்டனை, துரையண்ணே?" என்று பொருமியது மைனா.

"யாரையும் இல்ல. ஆனா டீச்சர் இதுவரைக்கும் ஒரு சட்டத்தையும் மீறினதில்ல. என்னால மீற வேணாமே."

அந்த நேரம் பார்த்துக் காற்றடித்து, இளைய குஞ்சு பொத்தென்று கீழே விழுந்தது. மதில்மேல் பூனை எழுந்து நின்றது. மைனா அலறியது.

துரை பாய்ந்து வந்து, குஞ்சின் முன்னால் தாடையைத் தரையில் வைத்துப் படுத்தது. "ஏறு செல்லம். கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

குஞ்சு ஏறிக்கொண்டது. துரை மூச்சை அடக்கி, மெல்ல மெல்லப் பின்னங்கால்களில் எழுந்து, கிளை வரைக்கும் முகத்தை உயர்த்தியது. குஞ்சு கிளைக்குத் தாவியது. பூனையே உட்கார்ந்துவிட்டது.

கேட்டுக்கு வெளியே போன ஒருவர் துரையின் வாய்மூடியைப் பார்த்ததும் தன் மகளை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடியபடியே அவளிடம் சொன்னார்:

"எத்தனை பேரைக் கடிச்சிருந்தா இதை மாட்டியிருப்பாங்க!"