ஒரு கேன் டீசல்

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டான் எர்மெக். பிடித்த பிறகு பார்த்தால், மனைவியின் அண்ணன்!

காலை எட்டு மணி. மாமனார் வீட்டு முற்றத்தில் எர்மெக்கின் வேன் உறுமிக்கொண்டு நின்றது. டாங்க் மூடி திறந்து கிடந்தது. சமத்தின் கையில் ரப்பர் குழாய். காலடியில் ஒரு கேன் நிறைய டீசல்.

"நூர்சாத்! வந்து பாரு உன் அண்ணன் லட்சணத்தை!"

கைக்குழந்தையோடு ஓடி வந்தாள் நூர்சாத். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்தவள். நாற்பது நாள் கழிந்து, இன்றுதான் பிள்ளையோடு மலைக்கு அந்தப் பக்கம், புருஷன் ஊரான சூசமிருக்குக் கிளம்புகிறாள்.

மச்சானும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணத்தன்று, "இந்த ஓட்டை வேனை நம்பியா பொண்ணு குடுக்கறோம்?" என்று சபையில் கேட்டுவிட்டான் சமத். "இவர் கையால பச்சைத் தண்ணிகூட வாங்க மாட்டேன்" என்று சபதம் போட்டான் எர்மெக். அன்றிலிருந்து எதிரெதிரே உட்கார்ந்தாலும் பேச்செல்லாம் நூர்சாத் வழியாகத்தான்.

நேற்றுச் சாப்பாட்டிலும் அப்படித்தான்.

"நூர்சாத், உன் வீட்டுக்காரர் டீசல் எங்க போட்டாராம்?"

"சந்தை பங்க்குலன்னு சொல்லு."

"அது கோடை டீசல்மா. இந்தப் பள்ளத்துல ஓடும். மேல கணவாய்ல மைனஸ் முப்பது டிகிரி குளிர். ஆறிப்போன சூப்புல ஆட்டுக்கொழுப்பு கட்டி நிக்குது பாரு, அப்படி நின்னுடும். பச்சைக் குழந்தையை வெச்சுக்கிட்டு நடுவழியில என்ன பண்ணுவாராம்?"

"மருந்து ஒரு பாட்டில் ஊத்தியாச்சு, உறையாதுன்னு சொல்லு."

"அந்த மருந்து இந்தக் குளிருக்குத் தாங்காதுன்னு சொல்லு."

"பதினோரு வருஷமா வண்டி ஓட்டறவனுக்குப் பாடம் எடுக்க வேணாம்னு சொல்லு!"

நூர்சாத் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தேநீர் ஊற்றினாள்.

இப்போது எர்மெக் விடுவானா?

"நேத்து கோடை டீசல்னு நக்கல் பண்ணினாரே, இன்னிக்கு அதே டீசல் இனிக்குதான்னு கேளு!"

சமத் தரையைப் பார்த்தபடி, "டிராக்டருக்கு வேணும்னு சொல்லு" என்றான்.

"கேட்டா குடுத்திருக்க மாட்டேனா? அந்தக் கேனைத் திரும்ப டாங்க்ல ஊத்தச் சொல்லு!"

சமத் கேனைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். காலால் ஓர் உதை விட்டான். கேன் கவிழ்ந்து டீசல் முழுவதும் பனியில் ஓடியது.

"திருட்டோட திமிரு வேறயா! என் பிள்ளைக்கு வாய்ச்ச தாய்மாமனைப் பாரு! திருடன்!"

சமத்தின் முகம் சுருங்கிப்போனது. குழாயைச் சுருட்டினான். குழந்தையின் கன்னத்தைத் தொட வந்தவன், கையில் டீசல் ஒட்டியிருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

வேன் கிளம்பியது. டீசல் முள் நிறைவிலேயே நின்றது. "நல்லவேளை, ஆரம்பத்துலயே பிடிச்சேன்" என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தான் எர்மெக். நூர்சாத் குழந்தையை இன்னும் இறுக்கிப் போர்த்தினாள்.

கணவாய் உச்சியில் நான்கு லாரிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் டாங்குக்கு அடியில் தீ மூட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்தில் நிற்கிற வண்டியைத் தாண்டிப் போவது பாவம். எர்மெக் இறங்கினான்.

"ஏதாவது வேணுமா அண்ணே?"

"வேணாம் தம்பி, ஒரு மணி நேரத்துல இளகிடும். நீ எங்க டீசல் போட்ட?"

"சந்தை பங்க்குல."

"நாங்களும் அங்கதானே போட்டோம்! எங்களுது மட்டும் ஏன் கொழுப்பாப் போச்சு?"

"நான் மருந்து ஊத்தினேன்."

ஓட்டுநர் சிரித்தார். காலி பாட்டில் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இந்த மருந்துதானே?"

அதே மருந்துதான்.

எர்மெக் வேனுக்குத் திரும்பினான். ஸ்டியரிங்கைப் பிடித்தவன், சாவியைப் பார்த்தான்.

"நூர்சாத், சாவி என் கோட்டுப் பையிலதானே இருந்துச்சு. காலையில வண்டி எப்படி ஓடிட்டு இருந்துச்சு?"

"நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"எதுக்கு?"

"அண்ணன் உங்க டீசல் எல்லாத்தையும் இறக்கிட்டு, டிராக்டருக்காக வெச்சிருந்த குளிர்கால டீசலை ஊத்தினார். குழாய்ல நின்ன பழசு போகட்டும்னு வண்டியை ஓட விட்டார். உங்க டீசல் இருந்த கடைசிக் கேனைக் கொண்டுபோய் வைக்கறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. திரும்ப ஊத்தச் சொன்னீங்களே, டாங்க்ல இடம் ஏது?"

"இதை அங்கேயே சொன்னா என்ன?"

"சொன்னா மொத்தத்தையும் கொட்டிட்டு, சந்தை பங்க்குக்கே போயிருப்பீங்க. 'மாட்டிக்கிட்டா திருடனாவே இருந்துட்டுப் போறேன், பிள்ளை நல்லபடியா வீடு போய்ச் சேரட்டும்'னார்."

வெளியே காற்று ஊளையிட்டது. ஹீட்டர் சூட்டில் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கியது. எர்மெக்கின் கண் கலங்கிவிட்டது.

"உன் அண்ணனுக்குப் போனைப் போட்டுச் சொல்லு..."

நூர்சாத் போனை எடுத்தாள். "என்னன்னு சொல்ல?"

அவன் கையை நீட்டினான்.

"இப்படிக் குடு. மச்சான்கிட்ட நானே பேசறேன்."