ஆறு விசிறிகளின் வெளிச்சம்

"சுவிட்சை அணை, எரியுது பார்!" கடைக்காரர் செல்வநாயகம் அலறினார். வாடிக்கையாளரின் கண்ணெதிரே, புதுக் கம்ப்யூட்டருக்குள் ஆறு விசிறிகளின் வண்ண விளக்குகளும் கருகி நாறின.

"அஞ்சு வோல்ட் விளக்கைப் பன்னெண்டு வோல்ட்ல சொருகியிருக்கே! உனக்கெல்லாம் எதுக்கும்மா ஸ்க்ரூ டிரைவர்? இன்னியோட வேலையை விட்டு நின்னுக்கோ!"

மெக்கானிக் ரெஜினா அசையவில்லை. டார்ச் அடித்து உள்ளே காட்டினாள். "நேத்து நான் சரியாத்தான் மாட்டினேன் சார். பன்னெண்டு வோல்ட் சாக்கெட்ல நாலு பின்னு. விளக்கோட இந்த மூணு ஓட்டை பிளக்கு உள்ள போகவே போகாது. யாரோ ஒரு பின்னைக் குறடால மடக்கிட்டு அழுத்தியிருக்காங்க. யாரு?"

"எதிர்த்தா பேசுற? வெளிய போடி!"

குரல் தெருவரை கேட்டது. வலக்கையை மட்டும் அவர் பேண்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை. வயர் அசிங்கமாகத் தெரிகிறதென்று காலையில் அவரே அதைப் பிடுங்கி, பின்னை மடக்கி மாற்றிச் சொருகப் பயன்படுத்திய குறடு, உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருந்தது.