கோகிலாவின் சேட்டைக்குக் காரணம்

சாக்பீஸ் டப்பாவைத் திறந்ததுதான் தாமதம். உள்ளேயிருந்த தவளை ஒரே தாவாகத் தாவி, பேராசிரியர் அர்த்தனாரியின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஐயையோ, சார்!" என்று அலறினாள் பயிற்சி ஆசிரியை மேனகா. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் தலை சுற்றிச் சுற்றி, மலைமேல் இருக்கும் இந்தக் குண்டூர் நாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும் மனிதர். அவர் மடிதானா கிடைத்தது இந்தச் சனியனுக்கு!

ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. முன் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து வந்து, "மன்னிச்சுக்கோங்க சார்" என்று தவளையைப் பக்குவமாகப் பிடித்து வெளியே விட்டான். கை கழுவிவிட்டு வந்து, மறுபடி கைகட்டி உட்கார்ந்தான்.

"யார் பண்ணுன வேலை இது?" அர்த்தனாரியின் குரலில் ஓட்டுக்கூரை அதிர்ந்தது.

"நானுங்க சார்." ரெட்டைச் சடையும் எண்ணெய் வழியும் நெற்றியுமாக எழுந்து நின்றாள் கோகிலா. சொல்லிவிட்டு மேனகா டீச்சரின் முகத்தையே பார்த்தாள்.

"இவதாங்க சார் என் கேஸ்" என்றாள் மேனகா.

பி.எட். படிக்கிறவர்கள் பிரச்சினையுள்ள ஒரு பிள்ளையைப் பிடித்து, கூர்ந்து கவனித்து, ஏன் இப்படி என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். தனியாள் ஆய்வு என்று அதற்குப் பெயர். எழுதுவதை மேனகா பக்கம் பக்கமாக எழுதிவிட்டாள். 'சேட்டை இருக்கு, காரணம் எங்கே?' என்று அர்த்தனாரிதான் ரெக்கார்டைத் திருப்பித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இன்றுதான் கடைசி நாள். கையெழுத்து விழவில்லையென்றால் வருஷமே போச்சு. 'படிச்சுக் கிழிச்சது போதும் சாமி' என்று அப்பா சுப்பண்ணன் மறுநாளே மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிடுவார். அப்புறம் டீச்சராவது ஏது, கரும்பலகை ஏது!

"வேற என்னென்ன பண்ணியிருக்கா?"

"மத்தியானமே போய் பள்ளிக்கூடம் விடுற மணிய அடிச்சுட்டா சார். என் நாற்காலியில பலாப்பிசினைத் தடவி வெச்சா. நல்லவேளை, அன்னிக்கு நான் நின்னுக்கிட்டே பாடம் நடத்திட்டேன்."

ஆளனுப்பியதில் கோகிலாவின் அம்மா சென்னம்மாள் குச்சிக்கிழங்குக் காட்டிலிருந்து மண்ணும் கையுமாக ஓடி வந்தாள்.

"ஏம்மா, வீட்டுல பிள்ளைய அடிப்பீங்களா?" என்று கேட்டார் அர்த்தனாரி.

"ஒரு சுடு சொல்லு சொன்னதில்லீங்க சாமி! சொன்ன வேலையச் சொன்னபடி முடிச்சுப்போட்டுத்தான் சோத்துலயே கை வெக்குமுங்க. போன மாசம் வரைக்கும் தங்கமான புள்ளைன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. எவ கண்ணு பட்டுச்சோ!" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மேனகாவுக்கு அவளை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. "அழுவாதீங்கக்கா. நல்ல புள்ளைதானுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

அர்த்தனாரி கண்ணை மூடினார். நெற்றியைத் தட்டினார். திடீரென்று துள்ளி எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது.

"பிடிச்சுட்டேன்! மேனகா, சேட்டை பண்ணுனதும் இந்தப் பொண்ணு யாரைப் பாக்குது? அம்மாவையா? என்னையா? உங்களை! எல்லாமே உங்க பாராட்டுக்காகத்தான்! உங்க ஒரு வார்த்தைக்காக ஏங்குது குழந்தை!"

"அப்படீங்களா சார்?" மேனகாவின் வாய் திறந்தபடி நின்றது.

"அப்படித்தான்! எழுதுங்க, எழுதுங்க! கவன ஈர்ப்பு! அங்கீகார ஏக்கம்!" வளைவில் சுற்றிய தலையெல்லாம் எங்கே போயிற்றோ, மனிதர் வகுப்புக்குள் மேலும் கீழும் நடந்து சொல்லச் சொல்ல, மேனகா பறந்து பறந்து எழுதினாள். சந்தோஷத்தில் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது. போகட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்!

"இப்ப தீர்வு. உங்க எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டறேன். கண்ணு, இங்கே வா."

கோகிலா வந்தாள். அர்த்தனாரி குனிந்து அவள் தலையைத் தடவினார். "டீச்சருக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும் கண்ணு. சொல்லுங்க மேனகா, வாய்விட்டுச் சொல்லுங்க!"

"ரொம்ப ரொம்பப் பிடிக்குங்க சார்!" அதில் மட்டும் மேனகாவின் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. "இவ இல்லாட்டி நான் இல்லீங்க." கோகிலாவை அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

குழந்தையின் முகம் பூவாக மலர்ந்துவிட்டது. சென்னம்மாளும் அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

"பாத்தீங்களா? ஒரே ஒரு பாராட்டு! இனிமே இது சேட்டையே பண்ணாது." அர்த்தனாரி பேனாவைத் திறந்தார். ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தில் 'அர்த்த' வரை போட்டாயிற்று.

கோகிலா மேனகாவின் புடவையைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

"டீச்சர், நாளைக்கு என்ன சேட்டை பண்ணோணுமுன்னு இன்னும் நீங்க சொல்லலீங்களே?"