மண்புழுவும் பச்சை விரிப்பும்

ஒரு வீட்டு முற்றம் முழுக்கக் களிமண். மழை பெய்தால் தண்ணீர் வடியாது. அங்கே குடியிருந்த மண்புழு ஓயாமல் துளை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை இறக்கிவந்தது. வீட்டுக்காரருக்கோ பொறுமை இல்லை. செயற்கைப் புல் வாங்கி வந்து சேற்றின் மேலேயே விரித்து, சுற்றிலும் ஆணி அடித்துவிட்டார்.

அடுத்த மழையில் துளைகளெல்லாம் நிரம்பின. மூச்சுமுட்டி மேலே வந்த மண்புழு, விரிப்பில் முட்டிக்கொண்டது.

"கொஞ்சம் விலகேன், செத்துருவேன்!"

"விலகினா சேறு தெரிஞ்சிடுமே," என்றது புல். "சேத்தைப் போக்கத்தானே என்னை வாங்கினாங்க!"

"போக்கினியா? மூடித்தானே வெச்சிருக்கே!" மண்புழுவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"மேல வந்து பாரு, எவ்வளவு பச்சை!"

"வர விட்டாத்தானே!"

திட்டிக்கொண்டே ஊர்ந்து, ஓரத்து இடுக்கில் எப்படியோ வெளியே வந்தது. அங்கே வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரரிடம், "பாத்தீங்களா, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல" என்று பெருமையாகச் சொல்லிப் புல்லின் மேல் காலை வைத்தார். சளக்கென்று சேறு பீறிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியில் அடித்தது.

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். மண்புழு கண்ணில் பட்டது.

"எல்லாம் இந்தப் புழு பண்ற வேலை!" என்று அதைச் சுவருக்கு அப்பால் வீசினார்.

"அந்த விரிப்பைத் தூக்கிப் பாருய்யா!" என்று மண்புழு கத்தியது அவர் காதில் விழவில்லை. சேறு பட்ட புல்லைக் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.