ஜனவரிக்கு என்ன எண்?

ராம்குமாரும் ஷைலாவும் பேசிக்கொள்வதில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது அவர்கள் வேலை பார்த்த சின்ன கம்பெனி. கீழே மெஷின் ஓடினால் மாடித் தரை லேசாக அதிரும். மத்தியானத்தில் அந்த அதிர்வில் கண் சொக்கும். ஜன்னல் வழியே கலர் பேப்பர் தூசி வந்து வெயிலில் மிதக்கும்.

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாளை அம்மாக்களின் போனுக்கு அனுப்பும் ஆப். அதை ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் பாஷையில் எழுதலாம் என்றான் ராம்குமார். பைத்தான்தான் சரி என்றாள் ஷைலா. பேச்சு முற்றியது.

"ஆளுக்குப் பாதி எழுதுங்க" என்று முடித்துவிட்டார் முதலாளி ஜெபசுந்தர்.

நர்ஸ் தேதியைப் பதிகிற பாதி ராம்குமாருக்கு. அந்தத் தேதியை வாங்கி அம்மாவுக்குச் செய்தி அனுப்புகிற பாதி ஷைலாவுக்கு. அன்றோடு பேச்சு நின்றது.

ஆப் ஓடத் தொடங்கிய புதிதில், எம். புதுப்பட்டியிலிருந்து நர்ஸ் ஞானபூரணி போன் செய்தார்.

"சார், மாரிசெல்வின்னு ஒரு பொண்ணு. பட்டாசு கம்பெனிக்கு லீவு போட்டுட்டு, கைப்பிள்ளையோட வேகாத வெயில்ல வந்து நிக்கா. ஊசிக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கு. உங்க ஆப் இன்னைக்கே வரச் சொல்லிருக்கு."

ஜெபசுந்தர் இருவரையும் கூப்பிட்டார்.

"பச்சப்பிள்ளைக விஷயம் இது. நாளைக்குள்ள சரியாகணும். யார் பக்கம் தப்போ அவங்களுக்கு இங்க வேலை கிடையாது."

இருவரும் இருக்கைக்குத் திரும்பினார்கள். ராம்குமார் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஏதோ தட்டினான். ஷைலா கன்னத்தில் கை வைத்தபடி, கனவில் இருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். அவளும் ஏதோ தட்டினாள். ஒருவர் திரையை மற்றவர் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, "சரியாயிருச்சா?" என்றார் ஜெபசுந்தர்.

"ஆச்சு சார்" என்றார்கள் இருவரும்.

"தப்பு யாரு பக்கம்?"

இருவரும் அவரவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். 'அடுத்தவர் மாட்டட்டும்னு நிக்குதுக' என்று நினைத்துக்கொண்டார் ஜெபசுந்தர்.

சாயங்காலம் மறுபடி ஞானபூரணி.

"சார், இப்ப வேறொரு பிள்ளையை ஒரு மாசம் தள்ளி வரச் சொல்லுது. இன்னைக்கு ஊசி போட வேண்டிய பிள்ளை. நல்லவேளை, நானே ஆள் விட்டுக் கூப்பிட்டேன்."

ஜெபசுந்தர் ஆப்பை நிறுத்தச் சொன்னார். இருவரையும் நிற்கவைத்துக்கொண்டு, இரண்டு பாதியையும் தானே திறந்து பார்த்தார். விஷயம் சின்னதுதான்.

"ராம்குமார், உன் பாஷையில மாசம் பூஜ்யத்துல ஆரம்பிக்குது. ஜனவரி பூஜ்யம், மார்ச் ரெண்டு. ஷைலா, உன் பாஷையில ஜனவரி ஒண்ணு. அவன் மார்ச்னு ரெண்டை அனுப்பினா, நீ பிப்ரவரின்னு எடுத்துக்கிட்ட. ஒரு மாசம் முந்திப் போச்சு. சரியா?"

இருவரும் தலையாட்டினார்கள்.

"நேத்து ராம்குமார் ஒண்ணைக் கூட்டி அனுப்பிருக்கான். அதோட சரியாப் போச்சு. ஷைலா, நீயும் வாங்குற எடத்துல ஒண்ணு கூட்டிருக்க. மார்ச் ஏப்ரலாயிருச்சு. ஒருத்தரை ஒருத்தர் கவுக்கணும்னு பிள்ளைக உசுரோட விளையாடுறீகளா?"

ராம்குமார் மெதுவாகச் சொன்னான்.

"அப்படியில்ல சார். செய்தி போறது அவுக பக்கத்துலருந்து. தப்புன்னா மொதல்ல அவுகளைத்தான் பிடிப்பீக. அதான் வெளியே தெரியாம என் பக்கத்துலயே கூட்டிட்டேன்."

ஜெபசுந்தர் ஷைலா பக்கம் திரும்பினார். அவள் ராம்குமாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்கும்மா கூட்டுன?"

"தேதி அவர்ட்டருந்துதானே சார் வருது. அவரை அனுப்பிருவீகன்னு பயந்தேன்."

கீழே மெஷின் நின்றிருந்தது.

"சரி, யாரும் எங்கயும் போக வேண்டாம்" என்றார் ஜெபசுந்தர் ஒருவழியாக. "ரெண்டு கூட்டல்ல ஒண்ணை அழிச்சாப் போதும்."

"நான் அழிச்சிருதேன் சார்" என்று இருவரும் ஒரே நேரத்தில் அவரவர் கீபோர்டுக்குக் கை நீட்டினார்கள்.

"இருங்கப்பா" என்று பதறிப்போய்த் தடுத்தார் ஜெபசுந்தர். "ரெண்டு பேரும் அழிச்சா மறுபடி பழைய கதைதான். தயவு செஞ்சு, இதையாவது பேசிக்கிட்டுச் செய்யுங்க."