கட்டைவிரலை உள்ளே வைங்க

வெள்ளிக்கிழமை காலையில் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்த வேன் டிரைவர், "ஐயோ, மணிக்கட்டு!" என்று அலறிக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்.

பார்லர் திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா வீடு மாறுகிறாள். மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. "பீரோவை நான் தூக்கறேன்" என்று மார்தட்டியவர் இந்த மனுஷன்தான்.

"சரியா வெள்ளிக்கிழமை பார்த்து வலிக்குதாக்கும்?"

"வலி என்ன, காலண்டர் பார்த்துட்டா வரும்?"

"போன வருஷம் அக்கா வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கறப்போ முதுகு. இப்போ மணிக்கட்டு. அடுத்த தடவைக்கு முழங்கால் மிச்சம் இருக்கு, பத்திரமா வச்சுக்கங்க."

"கிண்டல் பண்ணாதே. பதினொரு மணிக்கு டாக்டர்கிட்ட போகணும். நீயும் வா."

"வலி உங்களுக்கு. நான் எதுக்கு?"

"ஊசின்னா எனக்கு மயக்கம் வரும்னு தெரியாதா? விழுந்தா யார் தூக்கறது?"

தலையில் அடித்துக்கொண்டு, முடி வெட்ட வரச் சொல்லியிருந்த இரண்டு பேரையும் மதியத்துக்கு மாற்றினாள். போனை வைத்தபோது வலது மணிக்கட்டு சுருக்கென்றது. அவளுக்கும்தான் எத்தனையோ மாசமாக வலிக்கிறது. ஊரைக் கூட்டினாளா? டாக்டரிடம் போனால் முதல் வார்த்தையே "கடையை மூடு" என்பார்கள். கத்தரி பிடிக்காமல் பார்லரா? அந்தப் பயத்திலேயே, "ஏதோ சுளுக்கு" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

வழியில் அக்கா போன் செய்தாள். "உன் வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை வர்றாருல்ல?"

"வருவார்க்கா. எந்தக் கையோட வருவார்னுதான் தெரியல."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சொல்லுங்க, என்ன பண்ணுது?"

வேன் டிரைவர் பரீட்சைக்குப் படித்த பையன் மாதிரி மூச்சு விடாமல் ஒப்பித்தார். "கட்டைவிரல் பக்கமா மணிக்கட்டுல வலி டாக்டர். கெட்டிலைத் தூக்கினா சுளீர்னு இழுக்குது. துணி பிழிய முடியல. கத்தரி பிடிச்சா இன்னும் மோசம்."

"கத்தரியா? வேன்ல ஏத்தி யாருக்கு முடி வெட்டறீங்க?" என்றாள் மனைவி. "துணி பிழிஞ்சது எந்த ஜென்மத்துல?"

"நீ சும்மா இரேன்."

டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். "கை ஊனி விழுந்தீங்களா? ராத்திரியில விரல் மரத்துப்போகுதா?"

வேன் டிரைவர் உடனே மனைவி பக்கம் திரும்பினார். "மரத்துப்போகுதா?"

"உங்க விரலைப் பத்தி என்னைக் கேட்டா?"

"சும்மா சொல்லேன்."

"அதெல்லாம் போகல!"

"அப்போ நரம்பு அமுங்கியிருக்காது" என்று டாக்டரம்மா சீரியஸாக எழுதிக்கொண்டார். "சரி, கட்டைவிரலை உள்ளே வைங்க. மத்த நாலு விரலால மூடுங்க. அப்படியே கையைச் சுண்டுவிரல் பக்கமா சாய்ங்க."

அவர் சாய்த்தார். சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தை வேடிக்கை பார்த்தார். பிறகு திடீரென்று ஞாபகம் வந்தவர் போல, "ஆ!" என்றார்.

"சத்தம் லேட்டா வருதே சார்."

மனைவிக்கு அடக்க முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "இவருக்கு நடிக்கக்கூட வரல டாக்டர்!"

"அப்போ நீங்க செஞ்சு காட்டுங்க. எப்படி வலிக்கணும்னு அவரும் கத்துக்கட்டும்."

சிரித்த வாய் மூடாமலே கட்டைவிரலை மடக்கி, கையைச் சாய்த்தாள்.

"அம்மா!"

வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா அவள் கையை வாங்கிக் கட்டைவிரலின் அடியில் மெதுவாக அழுத்தினார். அவள் துள்ளினாள்.

"எத்தனை மாசமா?"

"ஆறு... இல்ல, எட்டு."

"விரலை இழுக்கற தசைநாருக்கு மேல ஒரு உறை இருக்கும்மா. அது வீங்கிப்போச்சு. ஒரே வேலையைக் கை திரும்பத் திரும்பச் செஞ்சா வரும். கைக்குழந்தையைத் தூக்கற அம்மாக்களுக்கும் வரும்."

அவளுடைய சிரிப்பு அடங்கியது. "கடையை மூடணுமா டாக்டர்?" என்று கேட்ட குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"யார் சொன்னா? கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கற பட்டை மூணு வாரம் போடுங்க. ஐஸ் ஒத்தடம் கொடுங்க. அதுவரைக்கும் கத்தரி வேலையைப் பாதியாக்குங்க. வர்றவங்க நாற்காலியை உங்க கைக்குத் தோதா ஏத்தி இறக்கிக்கங்க. குறையலைன்னா ஒரு ஊசி. பெரும்பாலும் அதுலயே சரியாயிடும். இன்னும் இழுத்தடிச்சிருந்தாதான் கஷ்டம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எட்டு மாசப் பயம் ஒரே மூச்சில் இறங்கியது. எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. கை வலிக்குமே என்று விட்டுவிட்டாள். பக்கத்தில் கணவர் நல்ல பிள்ளையாக எலும்புப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இருக்கட்டும் டாக்டர். பொய் வலி சொல்லி உங்க நேரத்தையும் என் நேரத்தையும் வீணாக்கினாரே, இவருக்கு நல்ல கசப்பா ஒரு மருந்து எழுதுங்க!"

டாக்டரம்மா மேஜை மேலிருந்த சீட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "இவருக்கு எப்படிம்மா எழுதறது? 'கூப்பிட்டா வரமாட்டா, நான் நோயாளியா வந்தா துணைக்கு வருவா'ன்னு நேத்து இங்கே வந்து கெஞ்சி, இவர் டோக்கன் போட்டதே உங்க பேர்லதானே!"